நாளொன்றுக்கு ஓர் அடி நடக்கும் ஆறு

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் பழைய கேலி ஒன்று உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு.

முதல் கேலிக்குப் பதில் சொல்ல முடியாது. வேலூர்க் கோட்டையோடு தொடர்புடைய கடைசி அரசர் கண்டியின் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். அவரும் ஆங்கிலேயரின் கைதியாகத்தான் இங்கே கொண்டுவரப்பட்டார். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. இரண்டாவது கேலி 1981இல் செல்லாததாகிவிட்டது. சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த ஜலகண்டேஸ்வரர் அந்த ஆண்டு கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்தார்.

மூன்றாவது கேலியை மட்டும் இன்றும் எல்லோரும் நம்புகிறார்கள். காட்பாடி போகும் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்ப்பவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? வருடத்தில் பெரும்பாலான நாட்கள் கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஓர் ஆறு நடந்துகொண்டிருக்கிறது. அது எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்தப் பகுதியின் கிணறு, தோல் பதனிடும் டேனரி, குடிநீர் எல்லாவற்றின் கதையும் ஒரே கணக்கில் அடங்கிவிடும்.

அந்தக் கணக்கைத் தொடங்கச் சரியான இடம் கோட்டைதான்.

ஊருக்கு நடுவே ஒரு தீவு

கணியம்பாடியில் ஆரணி–வேலூர் பேருந்தில் ஏறினால் அடுக்கம்பாறை, பாகாயம் கடந்து கொஞ்ச நேரத்தில் நகரத்துக்குள் வந்துவிடலாம். மாலையில் கோட்டைப் பூங்காப் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். வேர்க்கடலை விற்பார்கள், பிள்ளைகள் ஓடும். எதிரே அகழி, அதற்கு அப்பால் கருங்கல் மதில்.

ஸ்ரீரங்கம் இயற்கை செய்த தீவு. காவிரி ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, தான் சுமந்து வந்த மணலையும் வண்டலையும் நடுவில் விட்டுப் போனதால் உண்டானது. வேலூர்க் கோட்டை மனிதர் செய்த தீவு. 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக் காலத்தில், சின்ன பொம்மி நாயக்கரும் திம்மா நாயக்கரும் எழுப்பியதாக வரலாறு சொல்லும் இந்தக் கோட்டை 133 ஏக்கர் பரப்புள்ளது. உள்ளே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் உண்டு. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இந்த மதில்களுக்குள்தான். இவ்வளவையும் சுற்றித் தண்ணீர்.

அகழியில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். முதலை இருந்ததோ இல்லையோ, அந்தக் காலத்துக் கோட்டைக்குத் தண்ணீரே பெரிய காவல். மதிலைத் தகர்க்க முற்றுகைப் படை கையாண்ட வழிகளில் ஒன்று, மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பது. அகழி நிறைந்திருந்தால் அதைச் சுற்றியுள்ள மண்ணும் நீரால் நிறைந்திருக்கும். அங்கே தோண்டும் எந்தக் குழியும் சீக்கிரமே கிணறாகிவிடும்.

கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ரகசியச் சுரங்கப்பாதை இருந்ததாக ஒரு கதை உண்டு. தொல்லியல் துறையினருக்கு அதற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. நீரியல் தெரிந்தவர்கள் தேடிப்பார்க்காமலே சந்தேகப்படுவார்கள். அகழிக்குக் கீழே புகுந்து, பாலாற்றை ஒட்டியே அவ்வளவு தூரம் போகும் பாதை, வழியெல்லாம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழேதான் போக வேண்டும். இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அதற்குள் கால் நனையாமல் நடக்கலாம். ராஜா தப்பிக்க வேண்டிய அவசரத்தில் கமலை ஏற்றத்துக்கு மாடு பூட்டிக்கொண்டிருக்க முடியாது.

வெயிலுக்கு வரி கட்டும் தண்ணீர்

வேலூரில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ ஒரு மீட்டர். இதே வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு ஒன்றிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை தண்ணீர் ஆவியாகிப் போகும். வானத்திலிருந்து அகழிக்கு நேராக விழும் மழையை மட்டும் நம்பியிருந்தால் அகழி சில கோடைகளிலேயே வறண்டிருக்கும். கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. மலையடிவாரத்துச் சூரியகுண்டா என்னும் நீர்நிலையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அகழிக்கு நீர் வர ஏற்பாடு இருந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. கருங்கல் மலையில் விழும் மழை சீக்கிரம் உள்ளே இறங்காது. வழிந்து அடிவாரத்துக்கு வந்துவிடும். அதை ஓரிடத்தில் பிடித்து அகழிக்கு அனுப்பிவிட்டால், ஆவியாகும் நீரை ஈடுகட்டலாம்.

பக்கவாட்டில் கசிந்து போகும் நீருக்கு ஈடு? அதற்கு யாரும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடியில் படியும் மென்மையான களிமண்ணும் சேறும் காலப்போக்கில் கசிவை அடைத்துவிடுகின்றன. மணலையும் களிமண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நீரை ஊடுருவவிடும் தன்மையில் அவற்றுக்கிடையே ஆயிரமடங்கு, லட்சமடங்கு வித்தியாசம்கூட இருக்கும். ஏரியைத் தூர்வாரும்போது அடிக்களிமண்ணைக் கிழித்துவிடக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

2021 நவம்பர் மழையில் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் தெரிந்தது. அகழி நிரம்பி மட்டம் உயர உயர, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பக்தர்கள் தண்ணீரில் நடந்து போனார்கள். மண்ணுக்குள் ஒன்றோடொன்று தொடர்புள்ள நீர், எல்லா இடத்திலும் ஒரே மட்டத்துக்கு வர முயலும். அகழியின் மட்டம் கோயில் தளத்தைவிட உயர்ந்தால், வடிகால் வழி சரியாக இல்லாதபோது, மதில் இருந்தாலும் கதவு இருந்தாலும் நீர் உள்ளே வரத்தான் பார்க்கும்.

அகழியில் எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. நிறைவதும் குறைவதும் மதிலின் கல்வரிசையைப் பார்த்தாலே தெரியும். பாலாற்றில் இதே வேலை இருட்டில் நடக்கிறது.

மணல் என்னும் மூடி

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்சம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். மேலே உள்ள ஏரிகளும் தடுப்பணைகளும் நிரம்பி வழியும் ஆண்டுகளில்தான் இங்கே வெள்ளம் வரும். மதராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் இந்த நீரைப் பற்றி 1892இலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டன என்றால், பங்காளிச் சண்டையின் வயதைப் புரிந்துகொள்ளலாம். வந்தால் கொட்டித் தீர்க்கும்: 1903 நவம்பரில் வாணியம்பாடியை மூழ்கடித்தது, 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியது. மற்ற நாட்களில் மணல்.

இந்தப் பகுதியின் நிலம் பெரும்பாலும் பழமையான கெட்டிப் பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால் மட்டுமே தண்ணீர். பக்கத்துப் பக்கத்து வீட்டில் போர் போட்டால் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது அதனால்தான். ஆற்றையொட்டிய மணல் அப்படியில்லை. மணல்மணிகளுக்கிடையே இடைவெளி உள்ள அடுக்கு அது. ஒரு கன மீட்டர் ஆற்றுமணலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அந்த வெற்றிடம் நீரால் நிறைந்திருந்தால், மணலோடு ஒட்டிக்கொள்ளும் பங்கு போக, கால் பங்கு கன மீட்டரையாவது நாம் இறைத்து எடுக்கலாம்.

ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றை எடுத்துக்கொள்வோம். அகலம் அரை கிலோமீட்டர், நீர் நிறைந்த மணலின் ஆழம் 10 மீட்டர் என்று வைப்போம். எடுக்கக்கூடிய நீர் 125 கோடி லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுத் திட்ட அளவு. அதன்படி 5 லட்சம் பேருக்கு 18 நாள் தண்ணீர். இது ஒரே ஒரு கிலோமீட்டர் மணலில்.

இந்தச் சேமிப்புக்கு அகழிக்கு இல்லாத ஒரு பாதுகாப்பும் உண்டு. மேலே காயும் மணலுக்குத் தண்ணீரை மேலே உறிஞ்சி இழுக்கும் வலு குறைவு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது நூலிழைகளுக்கிடையே உள்ள சந்து மிகச் சிறியது என்பதால். பருமணலின் சந்து பெரியது, ஆகவே நீர் கொஞ்ச தூரத்துக்குமேல் ஏறாது. நமீபியாவின் பாலைவனத்தில் உள்ள ஸ்வகோப் ஆற்றுமணலில் 1970களில் அளந்து பார்த்தார்கள். நீர்மட்டம் மணலுக்கு 60 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டால், ஆவியாகும் அளவு திறந்த நீர்ப்பரப்பின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. சித்திரை வெயில் அகழியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, அதே வெயிலில் பாலாற்று மணல் தன் தண்ணீரைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

வட ஆர்க்காட்டு விவசாயிகள் இதை அளவுகோல் இல்லாமலே அறிந்திருந்தார்கள். ஆற்றுக்குள் மணலில் நீளமாக வாய்க்கால் தோண்டி, அதில் ஊறும் நீரைச் சரிவாகக் கரைக்குக் கொண்டுபோய் வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஊற்றுக்கால்வாய் என்று அதற்குப் பெயர். வெள்ளம் வந்து மணல் மூடினால் ஊரே கூடி மறுபடி தோண்டும். அணை இல்லை, இயந்திரம் இல்லை. ஆற்றின் சரிவைவிட வாய்க்காலின் சரிவு கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிஜோனில் ஒரு மணல் குழாய்

மணலுக்குள் நீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஆன்ரி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். டிஜோன் நகரத்துக்குத் தொலைவிலிருந்த ஓர் ஊற்றிலிருந்து மூடிய கால்வாயில் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். அந்த ஊரில் இன்றும் அவர் பெயரில் ஒரு பூங்கா உண்டு. பூங்காவுக்கு அடியில் அவர் கட்டிய நீர்த்தேக்கம் இருக்கிறது. நீரை வடிகட்ட மணற்படுகை அமைப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர், நிமிர்த்தி வைத்த குழாயில் மணலை நிரப்பி, மேலிருந்து நீர்விட்டு, கீழே எவ்வளவு வருகிறது என்று அளந்தார். 1856இல் முடிவை வெளியிட்டார்.

அவர் கண்டது எளிமையானது. நீர்மட்டச் சரிவு இரண்டு மடங்கானால் ஊடுருவும் நீரும் இரண்டு மடங்காகும். மீதமெல்லாம் மணலின் குணத்தைப் பொறுத்தது. இன்று உலகில் எங்கே நிலத்தடி நீரைக் கணக்கிட்டாலும் இந்த விதிதான் அடிப்படை.

இதைப் பாலாற்றில் போட்டுப் பார்ப்போம். ஆம்பூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 315 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் ஏறத்தாழ 215 மீட்டரில். இடைத்தூரம் சுமார் 50 கிலோமீட்டர். 50 கிலோமீட்டருக்கு 100 மீட்டர் இறக்கம் என்றால் சரிவு ஐந்நூறில் ஒன்று. பருமணலுக்குப் பொருத்தமான ஊடுருவு திறன் நாளொன்றுக்கு 50 மீட்டர் என்று எடுத்தால், ஐந்நூறில் ஒரு பங்குச் சரிவில் அது 10 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. நீர் மணலின் முழு அகலத்தில் போக முடியாது, வெற்றிடங்கள் வழியாக மட்டுமே போக முடியும். அதனால் துளியின் உண்மையான வேகம் அதைப்போல மூன்று மடங்கு. நாளொன்றுக்கு 30 சென்டிமீட்டர் சொச்சம்.

ஓர் அடி.

மணல் பருமனாக இருக்கும் இடத்தில் இது இரண்டு மூன்று அடியாகலாம், வண்டல் கலந்த இடத்தில் அரை அடியாகலாம். ஆனால் கணக்கின் தன்மை மாறாது. வெள்ளநீர் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஒரு நாளுக்குள் வந்துவிடும். மணலுக்குள் இறங்கிய நீர், வழியில் எந்தக் கிணறும் குறுக்கிடாமல் தானாக நடந்து வந்தால், ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் எடுக்கும். அந்தக் கோட்டைக்குக் கல் அடுக்கிய தலைமுறையின் காலத்தில் ஆம்பூர் மணலில் இறங்கிய துளி, நம் காலத்தில்தான் வேலூரை நெருங்கியிருக்கும்.

உப்பும் அதே வேகத்தில்

ஆற்றின் இந்த நிதானத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை மக்கள் நன்றாக அறிவார்கள்.

ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் டேனரிக்கு வந்துசேர உப்பு வேண்டும். வந்ததும் முதல் வேலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தொழில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1970களில் கட்டுப்பாடு வந்தபிறகு பெருமளவில் குரோமியத்துக்கு மாறியது. குரோமியம், அந்தத் தொழிலில் பயன்படும் வடிவத்தில், மண்ணோடும் சேற்றோடும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். உப்பு ஒட்டாது. கரைந்தால் கரைந்ததுதான், நீர் எங்கே போகிறதோ அங்கே, நீர் போகிற வேகத்திலேயே அதுவும் போகும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றக் காரணமான தீர்ப்புகளில் அது முக்கியமானது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடுகளும் அதைத் தொடர்ந்து வலுப்பட்டன. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இத்தனை ஆண்டுகளாகியும் கிணற்று நீர் ஏன் கரிக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓரடிக் கணக்கு ஒரு பதில் தருகிறது. ஒரு நாளைக்கு ஓர் அடி என்றால் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 மீட்டர். 1996இல் மணலுக்குள் இறங்கிய உப்பு இதற்குள் மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான் நகர்ந்திருக்கும். தீர்ப்பு வந்த அன்றே எல்லா டேனரிகளும் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் நிறுத்தியிருந்தாலும், பழைய உப்பின் பெரும்பகுதி இன்னும் அதே வட்டாரத்துக்குள்தான் இருக்கும். பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில் புதுநீர் இறங்கிக் கொஞ்சம் நீர்த்துப்போகும். மோட்டார் போட்டு இறைக்கும் கிணறு உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மேல்பரப்பு ஆற்றில் கொட்டிய அழுக்கு அடுத்த வெள்ளத்தில் போய்விடலாம். மணலுக்குள் இறக்கியது தலைமுறைக் கணக்கு. வேலூர் மாவட்டத்து ஊர்கள் பல இன்று கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீரைக் குடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணலையே அள்ளிவிட்டால் என்ன ஆகும்? மூடியும் போகிறது, பாத்திரமும் போகிறது. நீர் தங்கும் வெற்றிடம் லாரியில் ஏறிப்போய்விடுகிறது. மிஞ்சிய குழியில் தேங்கும் நீர் அகழியைப்போல வெயிலுக்குத் திறந்து கிடக்கும். அடியில் உள்ள களிமண் வெளியே தெரிந்துவிட்டால், அடுத்து வரும் வெள்ளம் இறங்க இடமில்லாமல் கடலைப் பார்த்து ஓடிவிடும்.

நாகநதியின் பக்கம்

கணியம்பாடி வழியாகப் போகும் நாகநதி வேலூருக்கு வருவதில்லை. ஜவ்வாது மலையில் பிறந்து, கண்ணமங்கலம் பக்கம் ஓடி, கமண்டல நதியோடும் பிறகு செய்யாற்றோடும் சேர்ந்து, பாலாற்றை மிகக் கீழேதான் அடைகிறது. வறண்டு கிடந்த அந்த நதிக்காக 2014 வாக்கில் ஒரு முயற்சி தொடங்கியது. வாழும் கலை அமைப்பின் ஒத்துழைப்போடு, நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் இறங்கினார்கள். ஆற்றுப்படுகையில் சிமென்ட் உறைகள் இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டினார்கள். மலையோடைகளில் கல் தடுப்புகள் அடுக்கினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் அந்தப் பெண்கள் குறிப்பிடப்பட்டார்கள்.

இவற்றின் வேலையை விளங்கிக்கொள்வது கடினமில்லை. மழைநீர் ஓடைவழியே ஓடும் நேரம் குறைவு. சில மணி, சில நாள். களிமண் அடுக்கு குறுக்கே இருந்தால் அதற்குள் மண்ணில் இறங்காது. கல் தடுப்பு ஓட்டத்தை நிதானப்படுத்துகிறது. உறைகிணறு களிமண்ணைத் துளைத்து, கீழே உள்ள மணலுக்கு வாசல் திறக்கிறது.

தோண்டியவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கலாம்: இவ்வளவு பாடுபட்டு இறக்கும் தண்ணீர் நமக்கே நிற்குமா, கீழ்ப்பக்கத்து ஊருக்குப் போய்விடாதா? ஓரடிக் கணக்கு இதற்கும் பதில் சொல்கிறது. ஐப்பசியில் இறங்கிய நீர் சித்திரைக்குள் அறுபது மீட்டர்தான் நகர்ந்திருக்கும். மலையடிவாரத்தில் சரிவு ஐந்து மடங்கு அதிகம் என்று வைத்தாலும் முந்நூறு மீட்டர். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கோடை முடிந்துவிடும். மேலே ஓடும் தண்ணீர் வேகமுள்ளவனுக்குச் சொந்தம். அணை கட்டியவன் முந்திக்கொள்வான். மணலில் இறங்கிய தண்ணீர் பெரும்பாலும் இறக்கிய ஊருக்கே சொந்தம்.

உப்பைத் தலைமுறைக்கும் தங்கவைத்த அதே நிதானம்தான் மழையையும் கோடைவரை தங்கவைக்கிறது. ஆற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே எதை அனுப்புவது என்ற முடிவு மட்டுமே கரையில் இருப்பவர்களுடையது. மணல் ஆற்றுக்கு வெள்ளம் வருவது சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களில் எவ்வளவு நீர் இறங்குகிறது என்பதுதான் அடுத்த ஆண்டின் கிணற்றுமட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாலத்தில் நின்று பார்ப்பதைவிட, கரையோரக் கிணற்றில் ஐப்பசி முடிவிலும் சித்திரை முடிவிலும் கயிறு விட்டு ஆழம் அளந்து சுவரில் எழுதி வைப்பது மேல். நாலைந்து வருடம் அப்படி எழுதிய ஊருக்குத் தன் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்காது.